நீதிபதிக்கு ஒரு சவப்பெட்டி

டெலிபோன் அலறியது.

மதியச் சாப்பாட்டுக்காகக் கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டியிருந்த ஐலி சோர்வாரி, சூப் ஸ்பூனை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"மேடம், டில்மன் சவ அடக்க நிலையத்துல இருந்து பேசறேன். நீங்க இறந்தவங்களுக்குச் சொந்தமா?"

"இறந்தது யாரு?"

"நீதிபதி ஐலி சோர்வாரி. சவப்பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தவர் உயரத்தைச் சொல்லாமலே போனை வெச்சுட்டார்..."

"அஞ்சடி நாலு அங்குலம்."

"தேங்க்ஸ் மேடம். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ரொம்ப நெருக்கம்... நான்தான் அது!"

மறுமுனையில் எதுவோ விழுந்து உடைந்தது.

ஐலிக்கு வயது அறுபத்தாறு. இரும்புச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கிரானிட் பே நகரில் ஃபெடரல் நீதிபதி. முப்பத்தாறு வயதில் ஜனாதிபதி நியமித்து, செனட் தலையாட்டிக் கொடுத்த நாற்காலி.

ஆயுள் பதவி!

தானாக எழுந்தால் உண்டு. தூக்கிக்கொண்டு போனால் உண்டு. யாரோ இரண்டாவது வழிக்கு ஏற்பாடு செய்கிறார்கள்...

கதவு தடாலென்று திறந்தது. கோர்ட் பாதுகாப்பு மார்ஷல் வெண்டல், கையுறை போட்ட கையில் ஒரு கடிதத்தோடு மூச்சிரைத்தான்.

"மேடம்! தபால்ல வந்திருக்கு!"

படித்தார் ஐலி.

'அக்டோபர் இரண்டுக்குள் பதவி விலகு. இல்லையேல் பெட்டி தயார்.'

'பெட்டி' மேல் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பெட்டி என்பது இங்கே சவப்பெட்டியை மட்டுமே குறிக்கும்.'

ஐலி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க மேடம்! முப்பது வருஷத்துல நீங்க உள்ளே தள்ளினவங்க ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். முதல் சந்தேகம் பேங்க் கொள்ளைக்காரன் டூயி கிராட்ஸ். போன மாசம்தான் வெளியே வந்தான்."

"டூயியா? கொள்ளையடிக்கப் போன இடத்துல விசிட்டர் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்த மக்கு! வருஷா வருஷம் எனக்குக் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பறான். அவனுக்கு அடிக்குறிப்பெல்லாம் வராது."

"அப்போ வேற யாரு?"

"ரவுடி மிரட்டினா கெட்ட வார்த்தைல திட்டுவான். இவன் வார்த்தைக்கு விளக்கம் எழுதறான்! அது யார் வழக்கம், வெண்டல்?"

"வக்கீலா?"

"வக்கீல் முத்திப் போனா?"

"நீ... நீதிபதி!"

வெண்டலின் குரல் கீச்சிட்டது. ஐலியின் பார்வை காலண்டருக்குப் போயிற்று.

"அதென்ன அக்டோபர் ரெண்டு? மூணாம் தேதி என்ன விசேஷம்?"

"நம்ம நீதிபதி கிளேட்டன் வார்டுக்குப் பிறந்தநாள். அவர் செக்ரட்டரி கேக் சொல்லியிருக்கா. அறுபத்தஞ்சாம்."

ஐலியின் சிரிப்பு நின்றது.

"நான் இப்போ தலைமை நீதிபதி. விலகினா எனக்கு அடுத்த சீனியரான வார்டுக்குத்தான் அந்த நாற்காலி. ஆனா அறுபத்தஞ்சு முடிஞ்சவங்க அதுல புதுசா உட்கார முடியாது; ஏற்கெனவே உட்கார்ந்தவங்க எழுபது வரைக்கும் இருக்கலாம். சட்டம்! மூணாம் தேதி விடிஞ்சா அவர் கனவு காலி."

பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து அறை. வார்டின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது, வார்டின் வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தவர் ஐலிதான்.

"ஆதாரம் வேணுமே மேடம்?"

"ஆர்டர் கொடுத்த குரல் ஒருத்தர் காதுல இருக்கே!"

டில்மனின் நம்பரைச் சுழற்றினார் ஐலி.

பத்து நிமிடம் கழித்து, 'போ' டையைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார் கிளேட்டன் வார்ட். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வெண்டல். மேஜையில் கேஸ் கட்டுகளுக்கு நடுவே, கீழே எடுத்து வைக்கப்பட்ட ரிசீவர்.

"கூப்பிட்டீங்களா ஐலி?"

"எனக்கு ஒரு மிரட்டல் வந்திருக்கு, கிளேட்டன். ராஜினாமா எழுதிட்டேன்."

வார்டின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. அவசரமாக அணைத்தார்.

"ஐயோ பாவம்... யாருக்குமே வெளியில சொல்லலையே நீங்க?"

"மிரட்டலைப் பார்த்தது மார்ஷல் மட்டும்தான்."

"நல்லது. போறதும் ஒரு வகைல நிம்மதிதான். இந்த வயசுல சவப்பெட்டி, அது இதுன்னு யார் அவதிப்படறது!"

"சவப்பெட்டியா? நான் மிரட்டல்னு மட்டும்தானே சொன்னேன்..."

வார்ட் கதவுப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினார்.

ரிசீவருக்குள்ளிருந்து டில்மன் கத்தினார். "இதே குரல்தான் மேடம்! பித்தளைக் கைப்பிடி வேணும்னு கேட்டவர் இவர்தான்!"

வெண்டல் வெளியே வந்தான். கைவிலங்கு கிணுகிணுத்தது.

"ஐலி... அது... சும்மா விளையாட்டுக்கு..."

"ஃபெடரல் நீதிபதியை மிரட்டறது விளையாட்டா? போன மாசம் இதே குத்தத்துக்கு ஒருத்தனுக்கு நாலு வருஷம் போட்டீங்களே! அவனும் இதைத்தானே சொன்னான்?"

வார்ட் தலையைத் தொங்கப்போட்டார். "ராஜினாமான்னு பொய் சொல்லி மடக்கிட்டீங்க..."

"பொய்யா? நான் பொய் சொல்றதில்லை."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் ஐலி. ராஜினாமா கடிதம். கையெழுத்தோடு! தேதி... பத்து நாளைக்கு முந்தியது.

"முழங்கால் வலி தாங்கலை. ஏரிக்கரைல உட்கார்ந்து மீன் பிடிக்கணும்னு ஆசை. நாளைக்குக் காலைல அனுப்பறதா இருந்தேன். நீங்க வாயை மூடிட்டுச் சும்மா இருந்திருந்தா நாற்காலி தானா வந்து உங்க மடியில உட்கார்ந்திருக்கும்!"

வார்டின் தொண்டையிலிருந்து காற்றுப்போன டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ஐலி கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அங்கியை மாட்டிக்கொண்டார்.

வாசல் வரை வார்டைத் தள்ளிக்கொண்டு போன வெண்டல் திரும்பினான்.

"அப்போ மீன் பிடிக்கப் போகலையா மேடம்?"

"எதுக்கு வெண்டல்? உட்கார்ந்த இடத்துலயே ஒண்ணு மாட்டிக்கிச்சே!"