மூன்றாம் தொட்டியின் எடை

பெப்ரவரி மாதத்து மதியம். வோபர்னில் காலையில் தொடங்கிய பனி இன்னும் விடவில்லை. நிலவறையின் சின்ன யன்னலைப் பாதிவரை மூடிவிட்டது. அன்ரனெற் தேநீர்க் கோப்பையை லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒஷாவாவில் இருந்த சோஸ் தொழிற்சாலையின் கொன்ட்ரோலருடன் இணைந்தாள். அங்குள்ள இயந்திரங்களை இங்கிருந்தபடியே அவளால் ஓடவிடவும் நிறுத்தவும் முடியும். சோஸ் கலக்கும் மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் பனல் திரை, அதே எண்களோடு அவளுடைய மேசையிலும் தெரிந்தது.

பத்து வருடங்களாகப் பலர் எழுதிச் சேர்த்த புரோகிராம் அது. எது எங்கே கிடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. பம்புகள், தொட்டிகள், எச்சரிக்கைகள் என்று மூன்று கோப்புறைகளாகப் பிரித்து அடுக்கி, கொன்ட்ரோலரில் திருப்பி ஏற்ற வேண்டும். பிறகு மூன்றாம் தொட்டியின் கலக்கும் தகடுகளை ஒரு நிமிடம் சுற்றவிட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது.

ஒரு மணிக்கு, தொழிற்சாலையின் ரெக்னீசியன் டெனிஸ்டன் அழைத்தான்.

"அக்கா, நான் தொட்டிக்குப் பக்கத்திலதான் நிக்கிறன். ஏத்தி முடிச்சிட்டு எடுங்கோ. நான் சொன்னாப் பிறகு ஓடவிடலாம்."

"ஓம். ஒரு மணித்தியாலம் எடுக்கும்."

இரண்டு மணிக்கு ஏற்றி முடித்தாள். அப்போதுதான் அந்த மணம் வந்தது. வினாகிரி. தேநீரை முகர்ந்து பார்த்தாள். எழுந்துபோய்க் குசினித் தொட்டியையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. திரும்பி வந்து டெனிஸ்டனுக்கு அழைத்தாள்.

இரண்டு முறை மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். இரும்பில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"டெனிஸ்டன்?"

"ம்."

"ஏத்திட்டன். தொட்டிக்குள்ள ஒருத்தரும் இல்லைத்தானே?"

"ஒருத்தரும் இல்ல, புள்ள."

தொண்டைக்குள் சேறு அடைத்ததுபோன்ற குரல். இணைப்பில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் டெனிஸ்டன் அவளைவிட எட்டு வயது இளையவன். ஒருநாளும் அவளைப் புள்ள என்று கூப்பிட்டதில்லை.

"ஓடவிடு."

பச்சைப் பொத்தானை நோக்கி நகர்ந்த கை நின்றது. தொட்டிக்கு அடியில் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. வெறும் தொட்டி என்றால் திரையில் பூச்சியம் இருக்க வேண்டும்.

74.2 கிலோ.

"தொட்டி வெறுமையாத்தானே இருக்கு?"

"வெறும் தொட்டி."

74.6. 74.1. 74.5.

ஊற்றி வைத்த சோஸ் இப்படி அசையாது.

"ஓடவிடு, புள்ள."

இந்த முறை குரல் போனில் இருந்து வரவில்லை. பின்கழுத்தில் வினாகிரி வாடையோடு ஈரமான மூச்சு பட்டது.

அவள் மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

திரையில் அம்புக்குறி நிற்கவில்லை. பச்சைப் பொத்தானை நோக்கி மெதுவாக, தானாக நகர்ந்தது.

அன்ரனெற் சுவரிலிருந்த இணைய வயரைப் பிடுங்கி எறிந்தாள். திரை சாம்பல் நிறமானது. அழைப்பைத் துண்டித்து, மேற்பார்வையாளர் வேரோனிக்காவுக்கு எடுத்தாள்.

"மூண்டாம் தொட்டியின்ர சிவப்புப் பொத்தானை அமத்துங்கோ! ஓடுங்கோ!"

வேரோனிக்காவின் சப்பாத்துகள் சீமெந்துத் தரையில் ஓடின. பொத்தான் அமரும் சத்தம். பிறகு இரும்புக்குள்ளிருந்து எதிரொலித்தது, சந்தேகமில்லாமல் டெனிஸ்டனின் குரல்.

"ஆர் அது? என்ன நடந்தது?"

ஒரு மணித்தியாலம் இருக்கிறதே, அதற்குள் தகடுகளின் அடியைக் கழுவிவிடலாம் என்று உள்ளே இறங்கியிருந்தான். இறங்குமுன், யாரும் தகடுகளை ஓடவிட முடியாதபடி மின்சார சுவிச்சை அணைத்து அதில் தன் பூட்டைப் போட்டிருந்தான். திறப்பு இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் பூட்டு தரையில் கிடந்தது.

பூட்டியபடியே.

"அவன்ர போன் இங்க பனலுக்கு மேல கிடக்கு," வேரோனிக்கா குரலைத் தாழ்த்தினாள். "கிட்ட ஒருத்தரும் இல்லை. நீங்கள் ஆரோட கதைச்சனீங்கள்?"

"தெரியேல்லை. என்னைப் புள்ள எண்டு கூப்பிட்டுது."



"வீரக்குட்டி அண்ணைதான் எல்லாரையும் அப்பிடிக் கூப்பிடுறவர். மட்டக்களப்பு ஆள். நல்ல மனுசன்." என்றாள் வேரோனிக்கா. "இதே தொட்டிக்குள்ள கழுவிக்கொண்டு நிக்கேக்கதான்... ஆரோ ஓடவிட்டிட்டாங்கள். அவர் செத்து ஆறு வருசமாச்சு."

டெனிஸ்டன் அன்றே வீட்டுக்குப் போனான். அதன்பிறகு அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

நடந்ததைக் கம்பனிக்கு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கு அன்ரனெற் லப்டொப்பில் சேமித்திருந்த பிரதியைத் திறந்தாள். வயர் இன்னும் நிலத்தில்தான் கிடந்தது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

பம்புகள். தொட்டிகள். எச்சரிக்கைகள்.

அதற்குக் கீழே நான்காவதாக ஒரு கோப்புறை. அவள் உருவாக்காதது.

பெயர்: வோபர்ன்.

அவள் வோபர்னில் இருக்கிறாள் என்று தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. திறந்தாள். உள்ளே ஒரேயொரு வரி இருந்தது. படிக்கட்டுக் கதவு: மூடு.

இயந்திரத்தோடு இணைந்து ஓடும்போது மட்டுமே ஒரு வரி பச்சையாகும். இணைப்பில்லாத லப்டொப்பில் எல்லாம் சாம்பல் நிறம்தான்.

அந்த வரி பச்சையாக மாறியது.

மேலே, படிகளின் உச்சியில், கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.