கூட்டச் சொன்ன கரண்டி

பாட்டே வைக்காத இடத்தில் ஒலிக்கோடு அசைந்தது.

எஸ்ரன் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் கணினித் திரையைப் பார்த்தான். முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை, மனைவி ஷெரோனின் கடைசிப் படத்துக்காக அவன் சத்தமில்லாமல் விட்டிருந்த இடம் அது. அங்கே கோடு தட்டையாகத்தான் கிடக்கவேண்டும். நடுவில் ஊசிமுனையளவு எழும்பி அடங்கியது.

கட்டுகஸ்தோட்டையில் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பிற்பகலே ஆனாலும் அறைக்குள் மங்கல் தட்டி, ஈரச் சுவரின் பூஞ்சண வாடையும் சூடேறிய கணினியின் வாடையும் கலந்து கிடக்க, கூரைத் தண்ணீர் பீலியில் சொட்டுவதும் எங்கோ பாலத்துப் பக்கம் பஸ் ஹோர்ன் அடிப்பதும் மட்டும் கேட்டன. நாளை அவள் இறந்த ஆண்டுப் பூசை, கோயிலில். பூசை முடிந்து கெலிஓயாவில் மாமியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, அவளுடைய படங்களைக் கோர்த்து அவன் செய்யும் இந்த டிவிடியைப் பார்ப்பார்கள். அங்கே இருப்பது ஒரு பழைய டிவிடி பிளேயர்தான். காலையில் ஷெரோனின் தங்கச்சி நிலூஷா போன் எடுத்திருந்தாள்.

"அத்தான், அக்காவோட கொரல் ஒரு சொல்லாவது போடுங்க. அம்மா அதத்தான் கேக்குறாங்க."

"பாக்குறேன்மா."

என்னத்தைப் பார்ப்பது? ஒரு சொல்கூட அவனிடம் இல்லை. ஊரார் கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்குக்கும் படங்களைக் கோர்த்து, பாட்டும் பேச்சும் சேர்த்து டிவிடி போட்டுக் கொடுத்தே வயிறு வளர்த்தவன் அவன். டிவிடி ஓடும் வீட்டில் யாராவது ஒருத்தர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுதான் இருப்பார்கள், அவர்களுக்கும் பேச்சு கேட்கவேண்டும் என்பது அவன் கணக்கு. அதனால் எதை முடித்தாலும் ஷெரோனைக் குசினியில் நிற்கவைத்துத்தான் சத்தத்தைச் சரிபார்ப்பான்.

"ஏங்க, பாட்டக் கொறைங்க. அந்தப் புள்ள பேசுறது கேக்கல."

தொண்டையில் நோய் வந்து குரல் போன பிறகு, கோப்பையில் கரண்டியால் தட்டினாள். ஒரு தட்டு என்றால் கூட்டு. இரண்டு தட்டு என்றால் குறை. வீட்டில் வைத்துப் பேச்சுப் பதியும்போது அவள் குரலோ கரண்டியோ தப்பித்தவறி உள்ளே விழுந்துவிட்டால், சுத்தமாகத் துடைத்துவிடுவான். அவன் தொழிலில் அதெல்லாம் குப்பை. இப்போது அந்தக் குப்பைக்காக நெஞ்சு ஏங்கியது.

அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டி ஓடவிட்டான். உஸ்ஸென்ற இரைச்சல். அதற்குள்ளிருந்து, டிங்.

ஒரு தட்டு.

எங்கேயோ ஒன்று துடைபடாமல் தப்பியிருக்கிறது. கூட்டச் சொல்கிறாள். கூட்டினான். மறுபடி ஓடவிட்டபோது, டிங். அதன் பின்னால் முன்பு இல்லாத ஒரு மூச்சு.

"கூட்டுறேன் ஷெரோன். பேசு. ஒரு சொல் பேசு."

சொல்லும்போதே அழுதுவிட்டான். இனிக் கூட்ட இடமில்லாத அளவுக்குக் கூட்டினான். இரைச்சல் சுவரில் மோதியது. மூச்சு பெருத்தது. கடைசி மாதங்களில் அவளுடைய மூச்சு மெல்லிய விசில் மாதிரி இருக்கும். இது ஈரமாக இருந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு விடும் மூச்சு.

டிங்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஷெரோன் ஒருநாளும் கூட்டச் சொன்னதில்லை. அவளுக்கு எப்போதும் சத்தம் அதிகம்தான். அவள் தட்டியதெல்லாம் இரண்டு. எப்போதும் இரண்டுதான்.

எல்லாவற்றையும் குறைத்தான். கோடு படுத்தது. மூச்சு குறையவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். குறையவில்லை. சுவரில் சுவிட்சை அணைத்தான். திரை இருண்டது. பீலித் தண்ணீர் சொட்டுவது தெளிவாகக் கேட்டது.

மூச்சும் கேட்டது. குசினியிலிருந்து.

டிங்.

மூச்சு கூடியது.

டிங்.

இப்போது குசினிக்கும் அறைக்கும் நடுவில், நடையில். கால் ஓசை இல்லை. மூச்சு மட்டும். எஸ்ரன் கண்களை இறுக மூடிக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், விரல் நகத்தால் மேசையில் தட்டினான்.

ஒன்று. இரண்டு.

மூச்சு நின்றது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பீலியில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. கண்ணைத் திறந்தான்.

அலுமாரிக்குள் அவன் பூட்டிவைத்த ஷெரோனின் கோப்பை, மேசையில், அவன் விரலை ஒட்டினாற்போல் இருந்தது. உள்ளே அவளுடைய கரண்டி. அதைப் பிடிக்க ஒரு கையும் இல்லை. கரண்டி தானாக விளிம்பிலிருந்து மெதுவாக விலகியது. உயர்ந்தது.

ஒரு தட்டு.

அவன் காதுக்குள் மூச்சு கூடத் தொடங்கியது. கரண்டி மறுபடியும் உயர்ந்தது.