ஒரு றூமும் இரண்டு பொன்னம்பலமும்

“அண்ணை, ஆர் இந்த ஜனார்த்தன்?”

நிலாணி பயணத்தாளை மேசையில் போட்ட வேகத்தில் செல்வரட்ணத்தின் தேநீர்க் கோப்பையே ஆடிப்போனது. மல்வேர்னில் பாதித் தமிழருக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “உம்மட அவர்தானே, பிள்ளை...?” என்றார் பாவமாக.

அவராம் அவர்! கலியாணமே ஆகாதவளுக்கு! நல்ல கதை!

நடந்தது இதுதான். பெப்ரவரியில் பான்ஃப் பனிமலைத் தேசியப் பூங்காவுக்குப் போக நிலாணி பொன்னம்பலம் என்றொருத்தி டிக்கெட்டும் அறையும் கேட்டிருந்தாள். அதே நாட்களுக்கு ஜனார்த்தன் பொன்னம்பலம் என்றொருவனும் கேட்டிருந்தான். இரண்டு பேரின் அப்பாக்களுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். கடைசிப் பெயர் ஒன்றென்றால் புருசன் பெண்சாதிதான் என்று அண்ணை தானாகவே முடிச்சுப் போட்டு, இருவருக்கும் சேர்த்து ஒரே அறையை எடுத்துவிட்டார்.

“அப்ப எனக்கு வேற றூம் எடுங்கோ.”

“அந்தக் கிழமை எல்லாம் நிரம்பிப்போச்சுது, பிள்ளை.”

நிலாணிக்கு அழுகை முட்டியது. நாலு வருசமாக இந்தப் பனிமலைக்குத் துடிக்கிறாள். ஒரு வருசம் சித்தியின் மகள் பெரியவளான சாமத்தியவீடு, அடுத்தது மாமாவின் ஐம்பதாவது பிறந்தநாள், போன வருசம் அண்ணன் புதுவீடு குடிபுகுந்தான்... லீவெல்லாம் மண்டபங்களிலேயே கரைந்தது. ஒரேயொரு தடவை, யாருக்கும் பலகாரம் பரிமாறாமல், தனியாகப் போய் அந்த மலையைப் பார்க்கவேண்டும். இதுவும் போய்விட்டால்...?

கதவு திறந்தது. வெளியே உறைபனி மழை. இமையில் நீர்த்துளிகளோடு நெடியவன் ஒருவன் உள்ளே வந்தான்.

“நான் ஜனார்த்தன். என்ர தாளில நிலாணி எண்டொரு மனுசியும் கிடக்கு, அண்ணை. எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை...”

ஐயோ, அந்தக் கண்கள்! கோபத்தோடு நிமிர்ந்தவள், எதற்குக் கோபம் என்பதையே ஒரு கணம் மறந்துபோனாள்.

“ஓ... நீங்கள்தானோ என்ர மனுசி?”

“வாயை அளந்து கதையுங்கோ!”

“சொறி, சொறி!” சிரித்தவன் அவள் காலைப் பார்த்தான். “உந்தச் சப்பாத்தோடயோ போறீங்கள்? ஐஸில நடக்க அடியில இரும்பு முள்ளுக் கொழுவோணும்.”

“எனக்குத் தெரியும்.” அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“சரி, றூமை நீங்களே எடுங்கோ. நான் போகேல்லை.”

“எனக்கு ஒருத்தரின்ர இரக்கமும் வேண்டாம்!”

“இரக்கமில்லை...” என்றவன், தன் பயணத்தை நிறுத்தும்படி அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வென்றாகிவிட்டது. நிம்மதியாக இருக்கவேண்டியதுதானே! எங்கே இருந்தாள்? பஸ்ஸில் போகையில் கைபேசியில் அந்த மலையடியின் உறைந்த ஏரிப் படத்தைத் திறப்பாள், மூடுவாள், திரும்பத் திறப்பாள். சப்பாத்துக்கு முள் வாங்கப் போன கடையில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரைத் தேடுகிறாய், விசரி என்று தன்னையே ஏசினாள். அவனும் எத்தனை வருசம் ஆசைப்பட்டானோ... ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே...

ஒன்பதாம் நாள் செல்வரட்ணம் அழைத்தார். “பிள்ளை, அங்க இன்னொரு றூம் காலியாகியிருக்கு. அந்தப் பெடியன் வேண்டாமெண்டு நிக்கிறான்.”

“எங்க நிக்கிறார்?”

“இஞ்சதான், கடையில.”

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. இரண்டு தரிப்பிடத் தூரத்தைப் பனியில் ஓடியே கடந்தாள்.

“ஏன் வேண்டாமெண்டனீங்கள்? என்ர வாய்க்குப் பயந்தோ?” மூச்சிரைத்தது.

ஜனார்த்தன் சிரிக்கவில்லை. “நீங்கள் தனியப் போக எவ்வளவு ஆசைப்பட்டனீங்களெண்டு அண்ணை சொன்னவர். நானும் அங்க நிண்டால் உங்களைத் தனிய விடமாட்டன்... அது எனக்கு நல்லாத் தெரியும். அண்டைக்குப் பாத்ததில இருந்து என்ர மனசு ஒரு இடத்தில இல்லை, நிலாணி.”

செல்வரட்ணம் அவசரமாகக் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“முதல் நாள் நான் தனியத்தான் போவன்,” என்றாள் அவள். “ஒருத்தரும் கூட வரக்கூடாது.”

“ஓம்.” அவன் முகம் வாடியது.

“பின்னேரம் திரும்பி வந்து, கண்டதெல்லாத்தையும் ஆருக்காவது சொல்லோணும்...” அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “அது நீங்களாத்தான் இருக்கோணும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

“அண்ணை,” என்றான் ஜனார்த்தன், அவளிடமிருந்து கண்ணை எடுக்காமலே, “அந்த றூமைப் போடுங்கோ.”