மூக்கைத் தூக்கினால் நிற்கும் எஞ்சின்

எஞ்சின் அலறியது.

ரிமோட்டில் பறக்கும் அம்மாவின் குட்டி விமானத்தைச் சின்னு வால் பக்கமாக இறுகப் பிடித்திருந்தாள். முன்னால் விசிறி கண்ணுக்கே தெரியாமல் சுற்றியது.

போன வாரம் விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. அம்மா இறக்கையை ஒட்டினார். இன்று காலை மேலே ஏறும்போது எஞ்சின் பொசுக்கென்று நின்றது. நல்லவேளையாக, புல்லில் இறங்கியது.

"இன்னொரு தடவை விழுந்தா தாங்காது. அப்புறம் இது பரண்லதான்" என்றார் அம்மா.

அவர் எரிபொருள் திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டினார். சின்னு பயந்து பின்னால் சாய்ந்தாள். புட்... புட்... எஞ்சின் நின்றது.

"கை நடுங்குது பாரு! பயந்தாங்கொள்ளி!" தம்பி சிரித்தான்.

"நீ வந்து பிடிடா பார்ப்போம்."

"நான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்."

மறுபடி முடுக்கினார்கள். மறுபடி அலறல், மறுபடி சாய்ந்தாள், மறுபடி நின்றது.

"அம்மா, நான் பின்னால சாயறப்பதான் நிக்குது. அப்ப மூக்கு மேல போகுதில்ல?"

அம்மாவின் கை திருகிலேயே நின்றது. "டேங்குக்குள்ள ஒரு ரப்பர் குழாய் இருக்கு. நுனியில குட்டி எடை. மூக்கு தூக்கினா எரிபொருள் பின்னால ஓடும். எடையும் பின்னாலயே இருந்தாத்தான் குழாய் உறிஞ்ச முடியும்."

டேங்கைக் கழற்றி, சின்னு காதருகே குலுக்கினாள். "எடை ஆடற சத்தமே இல்லம்மா!"

மூடியைத் திறந்தார்கள். குழாய் மடங்கி, எடை முன்பக்கமே சிக்கிக் கிடந்தது.

"அன்னிக்கு விழுந்தப்பவே மடங்கியிருக்கு. நான் இறக்கையை மட்டும் பார்த்துட்டு விட்டுட்டேன்" என்று அம்மா தலையில் தட்டிக்கொண்டார்.

குழாயை நிமிர்த்தி டேங்கைப் பொருத்தினார்கள்.

"இப்ப முழு வேகத்துல மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கணும். நிக்கறதா இருந்தா இங்கயே நிக்கட்டும். பயமா இருந்தா வேண்டாம் சின்னு."

"பயமாத்தான் இருக்கு. பிடிக்கறேன்."

அலறல் காதைத் துளைத்தது. விமானம் திமிறியது. நழுவிவிட்டால்? சின்னு பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கைத் தூக்கினாள். இன்னும் மேலே. இன்னும்.

எஞ்சின் நிற்கவில்லை.

சற்று நேரத்தில் விமானம் மைதானத்தைத் தாண்டி உயரே ஏறியது. அம்மா கீழிருந்து இயக்கினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சத்தம் விடாமல் வந்தது.

அம்மாவின் கருவிப் பைக்குப் பின்னால் ஒளிந்திருந்த தம்பி மெல்ல எட்டிப் பார்த்தான். "உன் கை இன்னும் நடுங்குதே!"

"நடுங்கட்டுமே" என்றாள் சின்னு. "பயந்து பின்னால சாஞ்சதாலதானேடா கோளாறையே கண்டுபிடிச்சோம்!"