குடை திருடிய நீதிபதி

ஏழு மணித் தொடரில் நீதிபதி பாடத் தொடங்கினால், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாட்டு கேட்கும். வசனத்தில் வரும் மேற்கோளோ பாட்டோ பார்ப்பவருக்கு ஒட்டவில்லை என்றால், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் ஒப்புமாற்றி அவருக்குப் பிடித்த வேறொன்றை அதே நொடியில் நடிகரின் வாயில் வைத்துவிடும். கண்ணையும் நாடியையும் பார்த்தே அது ஆளை அளந்துவிடும்.

தொடரின் எழுத்தாளர் மரகதவல்லி இதை எதிர்த்ததில்லை. இந்த வாரம்தான் அவளுக்குப் பயம் வந்தது.

கல்லூரியில் அவளும் தம்பி கோதண்டமும் ஒரு கேலி இசைநாடகத்தில் நடித்திருந்தார்கள். குடை திருடனை விசாரிக்கும் நீதிபதி கடைசியில் பாடுவார்: “தீர்ப்புச் சொன்னேன், தீர்ப்புச் சொன்னேன், திருடன் நானேதான்!” அந்த வரியை இப்போது தம்பிக்காகவே தொடரில் எழுதியிருந்தாள். அம்மா சாகக் கிடந்ததைத் தம்பியிடம் மறைத்தவள் அவள். ‘பெற்றவளைப் பார்க்க வரவில்லை’ என்று உறவினர் முன் அவனைப் பழித்தவளும் அவள்தான். ஒன்பது வருடமாக அவன் அவளோடு பேசவில்லை. ஆனால் தொடரை மட்டும் விடாமல் பார்ப்பான்.

“அவன் வீட்டுல மட்டும் மாத்தாம விட முடியுமா, தாவூத்?” என்று ஒப்புமாற்றிப் பொறியாளரிடம் கேட்டாள்.

“நம்ம கையில இல்லக்கா. ஆனா தெரிஞ்ச பாட்டுன்னா அது ஏன் மாத்தப் போகுது?”

ஒளிபரப்பு முடிந்ததும் தம்பி மனைவி சியாமளா அழைத்தாள். “அண்ணி, இன்னிக்கு ரொம்ப நாள் கழிச்சு அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அந்த நீதிபதி பல்லி விழுந்த சாம்பாரைப் பத்திப் பாடினாரே!”

மரகதவல்லி உடனே தாவூதை அழைத்தாள்.

மறுநாள் தாவூத் தம்பி வீட்டு ஒப்புமாற்றியின் பதிவேட்டைத் திறந்து காட்டினான். முதல் இரண்டு சொல் வரை அவள் எழுதியதுதான் ஒலித்திருந்தது. அதற்குள் கோதண்டத்தின் நாடி எகிறியது, கண் கலங்கியது, கை ரிமோட்டைத் தேடியது. பார்வையாளர் எழுந்து போய்விடுவார் என்று கணித்து, ஒப்புமாற்றி பாட்டை மாற்றிவிட்டது.

“அவருக்குப் புரிஞ்சிருக்குக்கா. அதான் பிரச்சினை.”

அந்தக் காட்சியைப் பதிவு செய்தாவது தம்பிக்கு அனுப்பலாம் என்று வீட்டுக்குப் போய் நேற்றைய தொடரைப் போட்டாள். நீதிபதி எழுந்தார். “தீர்ப்புச் சொன்னேன்…” அவளுக்கும் நாடி எகிறியது, கண் கலங்கியது. அடுத்த நொடியே அவர் மாப்பிள்ளையின் தொப்பையைப் பற்றிக் குதித்துக் குதித்துப் பாட ஆரம்பித்தார்.

மரகதவல்லி சிரித்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை.