இன்னும் ஆறு கிலோ

மகுடபதியின் எடை அறுபத்தெட்டு கிலோ என்பது அவர் படுத்திருந்த மெத்தைக்குத் தெரியும். மெத்தை சொல்லும் எடையை வைத்துத் தலைமாட்டிலிருந்த சொட்டுக்கணி என்ற கருவி தானே கணக்குப் போட்டு, மணிக்குப் பத்து மில்லி வலிமருந்தை நரம்பில் இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் உருவாக்கியவர் அவரேதான். இப்போது எந்த நர்ஸும் எடை கேட்பதில்லை, கணக்குப் போடுவதில்லை. நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி போதும்.

கருவியைச் சோதித்துப் பார்த்த காலத்தில் சலோமி என்ற நர்ஸ் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், நம்ம சனம் நோயாளியைப் பார்க்க வந்தா கட்டில்லதான் உட்காரும். அந்த எடையும் சேர்ந்துடுமே?"

"உட்காரக் கூடாதுன்னு போர்டு வையும்மா!" என்று எரிந்து விழுந்தார். மேதையாயிற்றே! போனால் போகிறதென்று ஒரு வரம்பு வைத்தார். இருநூறு கிலோ தாண்டினால் மருந்து நின்று மணி அடிக்கும்.

அவருக்கே மூட்டு அறுவை முடிந்த மறுநாள் மனைவி தெய்வானை வந்தாள். "உங்க போர்டு எனக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கால்மாட்டில் உட்கார்ந்தாள். வலி பறந்தது. சுகமாகத்தான் இருந்தது. மகள் கவின்மொழியும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு கிலோ, மணிக்கு இருபத்தொன்பது மில்லி.

இப்படியே இறங்கினால் மூச்சு நின்றுவிடும். எழுந்திருங்கள் என்று கத்தப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. இன்னும் ஆறே கிலோ ஏறினால் மணி அடிக்கும், பிழைத்துக்கொள்ளலாம். வாசலோரம் எண்பது கிலோ மாப்பிள்ளை பரணிதரன் கைகட்டி நின்றான்.

மகுடபதி இருந்த பலத்தையெல்லாம் திரட்டி மெத்தையைத் தட்டினார். ஒருமுறை, இரண்டுமுறை.

"பாருங்க மாப்பிள்ளை, உங்களை உட்காரச் சொல்றாருங்க!" தெய்வானைக்குக் கண் கலங்கியது.

"ஐயோ, மாமாவுக்குச் சமமா நான் உட்காருவேனுங்களா? அதுவும் மாமாவே போட்ட போர்டுங்க" என்று பரணிதரன் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

மகுடபதியின் கை சரிந்தது.

"தூங்கிட்டாரு. வலியில்லாம இருக்காரு, பாவம்" என்று கவின்மொழி கிசுகிசுத்தாள். எழுந்தால் விழித்துக்கொள்வார் என்று தாயும் மகளும் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். சொட்டுக்கணியில் பச்சை விளக்கு எரிந்தது. எடைக்கேற்ற அளவு, பிழையில்லை.