உப்புப் பூக்காத சட்டை

பஸ்ரா மின் நிலையத்தில் கோடையில் ஒருவன் எவ்வளவு உழைத்தான் என்று அவன் முதுகே சொல்லிவிடும். வியர்வை காய்ந்து, சட்டையில் திட்டுத் திட்டாய் உப்புப் பூத்திருக்கும். அன்று குதைரின் கறுப்புச் சட்டை துவைத்துப் போட்டது போல இருந்தது.

“என்ன அபூ ரீம், நாள் பூரா ஏசி ரூம்ல படுத்துக் கெடந்தியா?” கூட வேலை பார்க்கும் மிஸ்பான், மகள் பெயரைச் சேர்த்து அவனைக் கூப்பிட்டுச் சிரித்தான்.

குதைரும் சிரித்தான். சிரித்தபடியே மணிக்கட்டை நக்கிப் பார்த்தான். சப்பென்றிருந்தது.

கொதிகலனுக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணுவது அவர்கள் வேலை. தொட்டியில் அடைத்த ரெசின் மணிகள் ஆற்றுத் தண்ணீரின் உப்பையெல்லாம் பிடித்துக்கொள்ளும். வயிறு நிறைந்ததும் அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். நோன்புக்கு முன்னே போட்ட இந்த மணிகளுக்கோ வயிறே நிறையவில்லை. வெளிவரும் தண்ணீரின் உப்பைக் காட்டும் அளவுமானி பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. வேலை மிச்சம் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

ஊர்க் குழாயில் கடல் ஏறி, தேநீர்கூடக் கரித்தது. அதைக் குடித்து மகள் ரீம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, குதைர் நிலையத்தில் சுத்தம் பண்ணிய தண்ணீரைக் கேன் கேனாய் வீட்டுக்குச் சுமந்தான். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அதையே குடித்தார்கள்.

“அது எந்திரம் குடிக்கிற தண்ணிடா. தொட்டதையெல்லாம் தின்னும்,” என்று மிஸ்பான் அன்றே சொன்னான்.

இப்போது அது நினைவுக்கு வர, குதைர் வண்டியை வீட்டுக்கு விரட்டினான்.

வாசலைத் தாண்டும்போதே சோறு கருகும் வாடை. அதோடு ஒரு சத்தம். பூனை காலித் தட்டை விடாமல் நக்குவது போல, ஈரமாய், சொரசொரவென்று, மூச்சு வாங்கி மறுபடியும் தொடங்குகிற சத்தம்.

“நஜாத்!”

மனைவியைக் கூப்பிட்டபடியே பின்பக்கம் ஓடினான்.

முற்றம். உப்புப் பொரிந்து வெளுத்த பின்சுவர். அதில் முகம் புதைத்து ரீம். பக்கத்தில் நஜாத். இருவர் நாக்கும் சுவரில்.

“ரீம்... கண்ணு... இங்க வாம்மா.”

திரும்பினாள். உதடு கிழிந்து வழிந்தது. சிவப்பில்லை. தண்ணீர். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர்.

“பாபா, பத்தலை.”

சுவரில் உப்புப் போன பட்டை ஒன்று குழந்தையின் உயரத்தில். ஒன்று நஜாத்தின் உயரத்தில்.

அதற்கும் மேலே மூன்றாவது. எல்லாவற்றிலும் அகலம். செங்கல்லே குழிந்திருந்தது. குதைரின் வாய்க்கு நேராக.

அவன் எச்சிலை விழுங்கினான்.

பல்லிடுக்கில் செங்கல் தூள் நறநறத்தது.